நேர்ந்துவிட்ட சேவல்

கரிசல் மண்ணில் வீட்டுத்தோட்டம் போடக் கொஞ்சம் கிறுக்கு வேண்டும். எனக்கு அது தாராளமாகவே இருந்தது. நான் ஆற்றுப் பாசன ஊர்க்காரி. எங்கள் பக்கம் விதை கைதவறி விழுந்தாலும் முளைத்துவிடும். கல்யாணமாகிச் சில வருஷம் கயத்தாற்றில் இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியின் ஓரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். பின்பக்கம் நீளமாகக் கிடந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். இங்கே அவரை, அங்கே கத்தரி, மதிலோரம் பீர்க்கு என்று கையை நீட்டி நீட்டிக் கணவரிடம் காட்டினேன். அவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். "மொதல்ல குடிக்கத் தண்ணி வருதான்னு பாப்போம்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். குழாயில் தண்ணீர் வருவது குழாயின் மனசைப் பொறுத்தது. வருகிற அன்று தெருவே குடத்தோடு நிற்கும். அந்த நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்றியிருந்தால் எனக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். அதனால் பாத்திரம் கழுவியது வாழைக்கு, காய் அலசியது கத்தரிக்கு, மகளைக் குளிப்பாட்டியது முருங்கைக்கு என்று பங்கு பிரித்தேன். மண்ணோ தனி ரகம். மழையில் நடந்தால் செருப்பில் மண் அப்பி அப்பி நான் கணவர் உயரத்துக்கு வளர்ந்துவிடுவேன். கோடையில் முழங்கை வரை கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நாலு வயது மகளின் பந்து, கரண்டி, ஒற்றைக் கொலுசு எல்லாம் அந்த வெடிப்புகளுக்குள் போயின. கொலுசு போன அன்று அவள் தரையில் குப்புறப் படுத்து, வெடிப்புக்குள் வாயை வைத்து யாரையோ கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மதினி வெள்ளாடு வளர்ப்பவர். மதிலுக்கு மேலே தலை மட்டும் தெரியும். நான் எதை நட்டாலும் அதில் ஒரு குறை சொன்னால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

"ஏட்டி, அரிசி களைஞ்ச தண்ணிய எங்க ஊத்துத?"

"கத்தரிக்கு மதினி."

"கத்தரி என்ன பாலா கறக்கப் போவுது? இங்கிட்டுக் குடு. ஆடு குடிச்சாப் புழுக்கையாவது போடும்."

அப்படித்தான் எங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் ஆரம்பித்தது. கழுநீர் மதிலுக்கு அந்தப் பக்கம் போகும், ஆட்டுப்புழுக்கை இந்தப் பக்கம் வரும். என் தோட்டம் உயிர் பிழைத்தது அந்தப் புழுக்கையால்தான். மதினிக்கு அதில் ஏகப் பெருமை. என் வீட்டுக் குழம்பில் எந்தக் காய் போட்டாலும் அதில் பாதி தன்னுடையது என்பார்.

சேவல் எங்களுக்கு முன்பே அந்த வீட்டில் இருந்தது. சாமான் இறக்கிய அன்றே முருங்கைக் கிளையில் உட்கார்ந்துகொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தது. கருஞ்சிவப்பு உடம்பு, கறுத்த வால். வலது காலில் நடுவிரல் ஒடிந்து உள்பக்கமாக மடங்கியிருக்கும். இடது காலில் வெளுத்துப்போன மஞ்சள் துணி முடிச்சு ஒன்று. நான் ஆசை ஆசையாகப் பாவிய கீரை விதையை மறுநாளே கிளறித் தின்றது. விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மதிலுக்கு மேலே மதினியின் தலை வந்தது.

"ஐயையோ, அடிச்சிராத! அது சாமிக்கு நேந்துவிட்ட சேவலு!"

விளக்குமாறு கையிலேயே நின்றது.

"முன்னால குடியிருந்தாவள்லா, அவிய நேந்தது. ஒத்தப் பொம்பளப் பிள்ளை. அதுக்கு ஒடம்புக்கு முடியாமக் கெடந்துச்சு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. பொறவு அந்த மனுஷன் மட்டும் ஒரு வேனைப் பிடிச்சிட்டு வந்து, ஒரு வார்த்த பேசாம சாமானை ஏத்திட்டுப் போயிட்டாரு. பிள்ளைக்குச் சொகமாயிருக்கும், சொந்த ஊரப் பாத்துப் போயிட்டாவ. காரியம் ஆனதும் சாமிய மறந்துட்டாவ, பாத்துக்கோ."

"எந்தச் சாமிக்கு மதினி?"

"அவிய கொலசாமிக்கு. அது எதுன்னு யாரு கண்டா? ஒரு சாமிக்கு நேந்ததை இன்னொரு சாமிக்குக் குடுக்க முடியுமா?"

முடியாதுதான். நேர்ந்துவிட்டதை அறுக்க முடியாது, விற்க முடியாது, அடிக்கவும் கூடாது. அது தெருவுக்கே தெரிந்திருந்தது, முக்கியமாகச் சேவலுக்குத் தெரிந்திருந்தது. எந்த வீட்டு முற்றத்தில் என்ன காய்ந்தாலும் போய் நின்று தின்னும். யாரும் விரட்டமாட்டார்கள். தெருவில் கோழிகள் அவ்வப்போது களவு போகும், இதை மட்டும் எவனும் தொடவில்லை. மதினி வீட்டுக் கிடாகூட இது வந்தால் ஒதுங்கி வழிவிடும். கவுன்சிலருக்குக்கூடத் தெருவில் அந்த மரியாதை கிடையாது என்பார் என் கணவர். நானும் சிரிப்பேன். மத்தியானம் வரும்வரை சிரிப்பேன்.

மத்தியானம் அது எங்கள் பின்னறை ஜன்னலுக்கு வரும். தாழ்வான ஜன்னல், இரும்புக் கம்பி. தெருவில் அரவம் அடங்கி, ஆட்கள் சாப்பிட்டுச் சாய்கிற நேரம். டொக், டொக் என்று ஜன்னல் கட்டையில் கொத்தும். நான் போய்ப் பார்த்தால் கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். என் முகத்தை அது பார்ப்பதில்லை. எனக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்க்கும். அங்கே யாரோ இருப்பதுபோலக் கொக் கொக்கென்று மெதுவாகக் குரல் கொடுக்கும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இறங்கிப் போகும். வெட்டவெளிச்சத்தில், சோற்றுக் கையோடு நிற்கிற எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும்.

அந்த இடத்துச் சுவரில் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. உள்ளங்கை அகலம். நாங்கள் குடிவரும் முன்பே வீட்டு ஓனர் வெள்ளையடித்துக் கொடுத்திருந்தார். கறை மெதுவாக மேலே வந்துவிட்டது. பொங்கலுக்கு நானே சுண்ணாம்பு வாங்கி இரண்டு தடவை பூசினேன். வெயில் ஏற ஏற மறுபடியும் வந்தது. அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினேன். காலண்டர் இருக்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் அது இருக்கிறது என்ற நினைப்புத்தான் கூடுதலாக வந்தது. எடுத்துவிட்டேன்.

மகளுக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. ஒரு மத்தியானம் நான் அடுக்களையில் இருந்தபோது கொத்துகிற சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். அவள் ஜன்னலோரம் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, கம்பி வழியாகக் கையை நீட்டியிருந்தாள். உள்ளங்கையில் கம்பு. சேவல் பதமாகக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. அவள் தலை சுவரில் அந்தக் கறை இருந்த இடத்திலேயே சாய்ந்திருந்தது.

"அதுக்குப் பசிக்கும்மா. இங்கதான் குடுப்பாங்களாம்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அதான் சொல்லுச்சு."

குழந்தைப் பேச்சு என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை அந்த ஜன்னல் பக்கம் போகவிடாமல் தடுத்துப் பார்த்தேன். நாலு வயதுப் பிள்ளையை எத்தனை நாள்தான் தடுக்க முடியும்? நான் கண்ணயர்ந்த நேரத்தில் கம்பு டப்பா திறக்கிற சத்தம் கேட்கும்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கஷாயம், பிறகு டாக்டர், பிறகு ரத்தப் பரிசோதனை. டைபாய்டு என்றார்கள். ஊசிக்கும் மாத்திரைக்கும் அசையாமல் காய்ச்சல் அப்படியே நின்றது. பிள்ளை வாடிய கீரைத்தண்டுபோல் கிடந்தாள். மதினி கழுநீர் வாங்கக்கூட வரவில்லை. ஒருநாள் வாசலில் நின்று, உள்ளே வராமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏட்டி, சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாத. குடுக்க வேண்டிய சேவலு கண்ணு முன்னால திரியுது. சாமி எந்த வீட்டுல கேக்கும்? அது நிக்க வீட்டுலதான கேக்கும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்துக்கு அடியில் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் மழைச் சாரலில் நனைந்துகொண்டே சேவல் வந்து ஜன்னலைக் கொத்தியது. மகளைக் கிடத்தியிருந்த கட்டிலை, காற்றுக்காக, நான்தான் ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்தேன். இத்தனை நாளும் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்த சேவல், அன்று அதே உயரத்தில் என் பிள்ளையைப் பார்த்தது. எழுந்து நின்று கும்பிட்டேன். எந்தச் சாமி என்று தெரியாது, எந்தத் திசை என்றும் தெரியாது. சேவலைப் பார்த்தே கும்பிட்டேன். நீ யாராக இருந்தாலும் சரி, என் பிள்ளையை விட்டுவிடு, இந்தச் சேவலை நானே உனக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அடுத்தவர் சேவலை, அடுத்தவர் சாமிக்கு. யாரிடமும் சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கியது. மருந்து வேலை செய்ததா, நேர்ச்சை வேலை செய்ததா என்று யாரால் சொல்ல முடியும்? மகள் எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்டாள். நான் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த கையோடு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. இப்போது அந்தச் சேவலுக்குச் சாமியிடம் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

மதினியின் தம்பி புதூர்ப் பக்கம் ஆட்டுக்கிடை போடப் போவார். அவரிடம் சொல்லி விசாரித்ததில் பழைய குடித்தனக்காரர்களின் ஊர் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்தது. வந்து சேவலைக் கொண்டுபோய் நேர்ச்சையைத் தீர்க்கச் சொல்லுங்கள் என்று ஆள் மேல் ஆள் சொல்லிவிட்டேன். மழை ஓய்ந்த பிறகு ஒருநாள், வெயில் உச்சிக்கு ஏறுகிற சமயத்தில், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கையில் காலி வயர்க்கூடை.

"நான்தாம்மா, முன்னால இங்கன குடியிருந்தவ."

நான் பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தேன். "வாங்கக்கா" என்றுகூடச் சொல்லவில்லை.

"காரியம் ஆனதும் இப்படியாக்கா விட்டுட்டுப் போவீங்க? ஒங்க நேர்ச்சை எங்க பிள்ளை தலையிலல்ல வந்து விடிஞ்சுது!"

அவள் கோபப்படவில்லை. புரியாமல் என்னையே பார்த்தாள்.

"என்ன காரியம் ஆச்சு?" என்று கேட்டாள். "எம் பிள்ளை பாளையங்கோட்டையிலயே போயிட்டாளே. அவ எந்திரிச்சு நடந்தா குடுக்கேன்னுதான் நேந்தேன். நடக்கலியே. பொறவு எதுக்குக் குடுக்கணும்?"

மதிலுக்கு மேலிருந்த மதினியின் தலை சத்தமில்லாமல் கீழே இறங்கியது. அத்தனை நாளாகத் தெரு முழுக்க அந்தக் குடும்பத்தைச் சாமியை ஏய்த்தவர்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். சாமிதான் அவளை ஏய்த்துவிட்டது என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உள்ளே வரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அந்தச் சன்னலை ஒருக்கப் பாத்துக்கிடட்டா?" என்று கேட்டாள்.

பின்னறைக்குள் போனதும் நேராகச் சுவருக்குப் போய்க் கறையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது சரியாக அவள் உள்ளங்கை அளவே இருந்தது.

"இங்கனதான் கட்டிலு. எந்திரிக்க மாட்டா. தலையில எண்ணெய வச்சிச் சாய்ச்சு உக்கார வச்சிருவேன். மத்தியானம் சோறு ஊட்டையில, எனக்கு வேண்டாம், அதுக்குக் குடுன்னு சண்ட போடுவா. கம்பைக் கையில வச்சிட்டா அதுபாட்டுக்கு வந்து திங்கும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டையில் டொக் டொக் என்றது. அவள் கையில் ஒன்றுமில்லை. இருந்தாலும் கம்பி வழியாக நீட்டினாள். சேவல் அந்த வெறும் கையில் கொத்தவில்லை. அலகை வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நான் நேர்ந்ததைச் சொல்லிவிட்டேன்.

"பிழைச்சிட்டாளா?" என்று கேட்டாள்.

"பிழைச்சிட்டாக்கா."

என் மகள் கதவோரம் நின்று விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளை அந்தப் பெண் ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்குப் பயம் வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு அவள் எழுந்து கூடையை எடுத்தாள்.

"அப்ப இது நீ குடுக்க வேண்டிய சேவலு. குடுத்திரணும்மா, வச்சிருக்கப்படாது. எங்க கருப்பசாமிக்கு எங்க ஆளுவதான் குடுக்கணும். நான் கொண்டுபோய்க் குடுத்திருதேன். எம் பிள்ளைக்குக் கேட்டது ஒம் பிள்ளைக்குக் கெடச்சிருக்கு. யாருக்கோ கெடச்சுதே, அது போதும்."

யார் கைக்கும் சிக்காத சேவல் அவள் கூப்பிட்டதும் வந்தது. கூடைக்குள் உட்கார்ந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டது. மகள் அழுதாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அவள் கூடையோடு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

சில நாள் கழித்து மதினியின் தம்பி மூலம் அவளிடமிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. உள்ளே திருநீறு. சேவலைக் கொடுத்தாயிற்று, இதைப் பிள்ளைக்குப் பூசச் சொல்லு என்று சொல்லிவிட்டிருந்தாள். அன்றுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. தினமும் காலையில் ஒரு சிட்டிகை எடுத்து மகளுக்குப் பூசினேன். தோட்டத்தில் முதல் தடவையாகக் கீரை கிளறப்படாமல் வளர்ந்தது. மதினி அதையும் ஆட்டுப்புழுக்கையின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். மத்தியானம் மட்டும் சரியாக இல்லை. மகள் இன்னும் கட்டையில் கம்பு வைத்தாள், மைனாக்கள் வந்து தின்றன. மைனா கொத்துகிற சத்தம் எனக்குத் தெரியும். அது இல்லாத இன்னொரு சத்தமும் சில நாள் கேட்டது.

தை முடிவில் கத்தரியும் முருங்கையும் காய்த்துத் தள்ளின. அவளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று பை நிறைய எடுத்துக்கொண்டு புதூர் பஸ் ஏறினேன். இறங்கி, அறுத்த சோளத்தட்டைக் காடு வழியாகக் கேட்டுக் கேட்டு நடந்தேன். ஊர்க்கோடியில் ஓட்டு வீடு, சுற்றிலும் முள்வேலி. கூப்பிட வாயெடுத்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக்.

வேலி இடுக்கில் பார்த்தேன். வீட்டின் பக்கவாட்டு ஜன்னலில் சேவல் நின்றது. இடது காலில் மஞ்சள் துணி இல்லை. வலது காலின் நடுவிரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டிருந்தது, உள்ளங்கையில் கம்பு.

"தின்னு தாயி. இன்னும் ரெண்டு வாய் தின்னு" என்று குரல் கேட்டது.

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். என் பிள்ளையின் உயிருக்கு நேர்ந்ததை இவள் எப்படி வைத்துக்கொள்ளலாம்? வேலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சண்டையாகக் கேட்டுவிட வேண்டும் என்று ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டேன். "நல்ல பிள்ளைல்லா, நாளைக்கு நடக்கணும்லா" என்றது குரல். எடுத்து வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். எனக்கு வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளுக்கு அந்தச் சேவல் இருக்கிறது.

காய்கறிப் பையைத் திரும்பவும் சுமந்துகொண்டு வந்தேன். ஆள் வீட்டில் இல்லை என்று கணவரிடம் சொன்னேன். மகள் வளர்ந்துவிட்டாள், இப்போது வெளியூரில் வேலை. அவள் போனில் இருமினால்கூட எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வரும். கேட்காமல் வந்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று புதூரிலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலையில் மகளுக்குத் தலை சீவிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் தடவையாக அதை விரலில் தேய்த்துப் பார்த்தேன். கோயில் திருநீறு இல்லை. அடுப்புச் சாம்பல். ஒரு பொடிக் கரிகூட இல்லாமல், துணியில் சலித்துச் சலித்து எடுத்த சாம்பல். என் பிள்ளைக்காக அந்தப் பெண் உட்கார்ந்து அத்தனை பொறுமையாகச் சலித்திருக்கிறாள். மகள் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டினாள். பூசிவிட்டேன்.